கார்ட்டூன் மேடத்தின் யானை

திருச்சி மாவட்டத்தில் ஒருவருக்குக்கூட ஒழுங்காக நடக்கத் தெரியாது என்பது கார்ட்டூன் மேடத்தின் தீர்ப்பு. பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் என்ற பாரபட்சமே கிடையாது. காலையில் ஷூ மாட்டிக்கொண்டு வாக்கிங் போகிறவர்களைக் கண்டால் அவருக்குத் தலைவலியே வந்துவிடும். "கை ஒரு பக்கம் போகுது, கால் ஒரு பக்கம் போகுது, மூஞ்சி இன்னும் வீட்டுலயே உட்கார்ந்திருக்கு. இதுக்குப் பேர் நடையா பாலு?" என்பார்.

பாலு என்பது அடியேன். என் நடை அவரை இன்னும் அதிகமாகப் புண்படுத்தியது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கையில் பைலோடு அவர் மேஜையை நோக்கிப் போனேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல் கால்களையே பார்த்தார். நானும் குனிந்து பார்த்துக்கொண்டேன். செருப்பு மாற்றிப் போட்டு வந்துவிட்டேனோ என்று பயம்.

"உங்க கால்ல வெயிட்டே இல்லீங்க. தரையில படாமலே வர்றீங்க. உங்களை யாரோ அவசரத்துல வரைஞ்சிருக்காங்க" என்றார்.

என்னைப் படைத்தவர் மீதே புகார் சொன்ன ஒரு மேலதிகாரியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

பால்பண்ணைப் பக்கத்தில் ஒரு லாரி பார்சல் ஆபீஸ் அது. முன்னால் லாரிகள், பின்னால் குடோன், நடுவில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் மேனேஜராகக் கார்ட்டூன் மேடம். ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தார். பருத்திப் புடவை, பெரிய கண்ணாடி, கே.கே. நகரில் தனியாக ஒரு வீடு. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் பெங்களூரில். டிரைவர்களையும் லோடுமேன்களையும் புருவத்தாலேயே மேய்க்கிற ஆள். ஆனால் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாரானால் கூடவே கம்ப்யூட்டரில் ஒரு கார்ட்டூனையும் திறந்துவிடுவார். அந்த நேரத்தில் லாரி தீப்பிடித்தால்கூட, அணைத்துவிட்டு வந்துதான் சொல்ல வேண்டும். பெயர் வைத்தது டிரைவர்கள். மேடத்துக்கு அது தெரியும். "பேர் சின்னதா, நல்லா இருக்கு" என்று ஒப்புதலும் கொடுத்துவிட்டார்.

கார்ட்டூன் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை. அது ஒரு சட்டப் புத்தகம், அதை வைத்துத்தான் ஆபீசை நடத்தினார். முதல் விதி: எந்த உயிரும் ஒரு காரியம் செய்வதற்கு முன்னால், அதன் உடம்பு கொஞ்சம் எதிர்ப்பக்கம் போகும். குதிப்பதற்கு முன்னால் குனியும். அடிப்பதற்கு முன்னால் கை பின்னால் போகும். அழுவதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுக்கும்.

இந்த விதியால் அதிகம் பாதிக்கப்பட்டவர் முருகேசன். பச்சைமலைக்காரர், நல்ல லோடுமேன். லீவு கேட்பதில்தான் கொஞ்சம் கற்பனை வளம் அதிகம். ஒருநாள் கண்ணாடி அறைக்குள் போய், "மேடம், மச்சானுக்கு ஆக்சிடெண்ட்டுங்க!" என்று சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் அசையவில்லை. "முருகேசா, நீ மூச்சை உள்ள இழுக்கவே இல்லையேப்பா. நேரா துண்டுக்குப் போயிட்ட. வெளிய போயிட்டு மறுபடி வா."

முருகேசன் வெளியே போனார். கதவருகே நின்று நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து, விம்மி, அப்புறம் துண்டை எடுத்தார்.

"இது தேவலை. ஆனா கண்ணு சிமிட்டல. பொய் சொல்ற பொம்மைதான் கண்ணு சிமிட்டாது. போய் லோடு இறக்கு."

மச்சான் அன்றைக்குச் சாயங்காலமே ஆபீஸ் வாசலில் நல்ல ஆரோக்கியத்தோடு வந்து நின்று, "மாமா இருக்காரா?" என்று கேட்டார் என்பது தனிக்கதை.

கண் சிமிட்டுவது இரண்டாவது விதி. உயிருக்கு அடையாளம் பேச்சு இல்லை, ஓட்டம் இல்லை, இமைதான் என்பார். அதற்கு ஆதாரமாக ஒரு பொம்மையே வைத்திருந்தார். பழைய சாம்பல் நிறச் சாக்ஸ் ஒன்று. இரண்டு சட்டைப் பித்தான்கள் கண்கள். லாரித் தார்ப்பாயில் வெட்டிய துண்டுகள் இமைகள். உள்ளே கைவிட்டு ஒரு விரலை மடக்கினால் அந்த இமைகள் இறங்கி ஏறும். பெயர் 'பெரியவர்'. மேஜை டிராயரில் முத்திரைக் கட்டைகளோடு படுத்திருப்பார்.

ஒருமுறை மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் முதலாளி ஒருவர் ஆவேசமாக வந்தார். அவருடைய மெஷினுக்கு வர வேண்டிய பெல்ட் வரவில்லை, மில் நின்றுபோயிருக்கிறது. வாசலில் ஆரம்பித்த சத்தம் கண்ணாடி அறைக்குள் போய் உச்சத்தை எட்டியது. மேடம் டிராயரைத் திறந்து பெரியவரை மாட்டிக்கொண்டார். பெரியவர் மெதுவாக மேஜை விளிம்புக்கு மேலே தலை நீட்டி, முதலாளியைப் பார்த்து, இரண்டு தடவை கண் சிமிட்டி, தலையைக் குனிந்துகொண்டார்.

முதலாளி வாயைத் திறந்தபடி நின்றார். பெரியவர் மறுபடி நிமிர்ந்து, தப்பு எங்கள் மேல்தான் என்பதுபோல நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். நெஞ்சு எது, கழுத்து எது என்று சாக்ஸில் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"இல்லீங்க, நீங்க வருத்தப்படாதீங்க. நாளைக்குக் காலையில வந்தாக்கூடப் போதும்" என்றார் முதலாளி. மேடத்திடம் இல்லை, சாக்ஸிடம். அடுத்த மாதம் வந்தபோதும், "பெரியவர் சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

படங்களைப் பற்றிய மேடத்தின் அபிப்பிராயங்களைத் தொகுத்தால் ஒரு லாரி போதாது. கம்ப்யூட்டரில் செய்கிற புதுப் படங்கள் மேல் அவருக்குத் தீராத கோபம். "கரடிக்கு முடி ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. கரடிதான் தெரியல." கார்ட்டூன் கைகளில் ஏன் நாலே விரல் என்று யாராவது கேட்டுவிட்டால் போயிற்று; தன் கையையே நீட்டிக் காட்டுவார். "அஞ்சையும் வரைஞ்சு பாருங்க, வாழைச்சீப்பு மாதிரி இருக்கும்." ஒரு படத்தின் மூன்றாம் பாகம் வரப்போகிறதென்று பேப்பரில் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சிடுசிடுவென்று இருந்தார். "ரெண்டாம் பாகத்துலயே எல்லாரும் திருந்திட்டாங்களே! இனிமே வந்து என்ன பண்ணப்போறாங்க? உட்கார்ந்து காப்பி குடிப்பாங்களா?"

தமிழ் டப்பிங் என்றால் பி.பி. மாத்திரையைக் கையில் எடுத்துக்கொள்வார். "காண்டாமிருகம் ஆப்பிரிக்காவுல பொறந்திருக்கு, ஆப்பிரிக்காவுல வளர்ந்திருக்கு. அது எதுக்குங்க வடசென்னை பாஷை பேசுது? உலகத்துல ஒரே ஒரு மிருகமாவது திருச்சியில பொறந்திருக்கக் கூடாதா? 'வாங்க, சாப்பிட்டீங்களா'ன்னு மரியாதையாக் கேட்டுட்டு அப்புறம் கடிக்கட்டுமே!"

பொம்மலாட்டம் பற்றி அவர் சொன்ன ஒன்றை மட்டும் நான் மறக்கவில்லை. கயிற்றைக் கட்டி ஆட்டுகிற பொம்மைக்குக் கயிறு தெரியக் கூடாதே என்று கேட்டேன். "தெரியட்டுமே. கயிறும் தெரியுது, கையும் தெரியுது, அப்பவும் அதுக்கு உயிர் இருக்குன்னு நம்ம மனசு சொல்லுது பாருங்க, அதுதான் வித்தை" என்றார். இந்த வித்தை பின்னால் ஒரு கூட்டத்தையே கலைக்கப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மேடத்துக்கு ஒரே ஒரு குறை. கார்ட்டூன் படங்களை அவர் தியேட்டரில்தான் பார்ப்பார். ஆனால் தியேட்டர்காரர்கள் அவரைப் பார்க்க விரும்பவில்லை. பெரியவர்களுக்கான கார்ட்டூன் படம் ஏதாவது அபூர்வமாகத் திருச்சிக்கு வரும். மேடம் முதல் ஆளாகப் போவார். அவரேதான் கடைசி ஆளும். "ஒரு ஆளுக்கு ஓட்டினா கரண்டுக்குக்கூடக் கட்டாது மேடம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஓரிரு தடவை இரக்கப்பட்டு ஓட்டியிருக்கிறார்கள். இருண்ட ஹாலில், காலி நாற்காலிகளுக்கு நடுவே இவர் மட்டும் சிரித்துவிட்டு வருவார்.

அப்போதுதான் அந்த யானைப் படம் வரப்போகிறது என்று செய்தி வந்தது. எந்த நாட்டிலோ சில பேர் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கையாலேயே வரைந்த படம். ஒரு கிழட்டு யானை, அதன் தலையில் வந்து உட்காருகிற ஒரு நாரை, இரண்டும் வற்றிப்போன ஆற்றைத் தாண்டித் தண்ணீர் தேடிப் போகின்றன. வசனமே கிடையாது. வடசென்னை அபாயம் அறவே இல்லை. அதன் முன்னோட்டத்தை மேடம் பார்த்த பார்வையில் கம்ப்யூட்டர் திரையே தேய்ந்திருக்கும். அவர் ஓய்வுபெறுகிற மாதத்தில்தான் படம் வருகிறது. மாதக் கடைசியில் வீட்டை ஒழித்துக்கொண்டு மகளோடு பெங்களூர் போய்விடுவதாக ஏற்பாடு.

தியேட்டர் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தார். "அம்பது பேராவது வர்றதா இருந்தா சனிக்கிழமை காலையில ஒரு ஷோ போடறேங்கறார். இல்லேன்னா திருச்சியில வராதாம் பாலு."

"பெங்களூர்ல பெரிய பெரிய தியேட்டரா இருக்குமே மேடம். அங்க போய்ப் பாருங்களேன்."

"இருக்கும். அங்க எல்லாரும் இங்கிலீஷ்ல சிரிப்பாங்க." கொஞ்ச நேரம் பெரியவரின் இமையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா தனியாவே சிரிச்சாச்சு. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம், நம்ம ஊர்ல, பக்கத்து சீட்ல யாராவது சிரிக்கணும். அவ்வளவுதான்."

கேட்டபோது எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. டிரைவர்கள், லோடுமேன்கள், ஆபீஸ் ஆட்கள் எல்லோரையும் சேர்த்தாலும் பாதிதான் தேறியது. அவர்களிலும் பாதிப்பேர் சனிக்கிழமை சேலம் ரோட்டில் இருப்பார்கள். மீதிக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். என் தைரியத்துக்குக் காரணம் சம்பத் மாமா.

நான் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் செக்ரட்டரி சம்பத் மாமா. பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலில் எந்தத் திருநாளுக்கு எந்தப் புறப்பாடு என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். எங்கள் கட்டடத்தில் லிப்ட்கூட அவரைக் கேட்டுத்தான் மேலே போகும். அவர் சரியென்று தலையாட்டினால் மாமிகள், மாமாக்கள், பேரப்பிள்ளைகள் என்று மொத்தக் கட்டடமும் பின்னால் வந்துவிடும். மறுத்தால் காக்காய்கூட வராது.

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம். தண்ணீர் மோட்டார் பஞ்சாயத்து முடிந்ததும் மேடத்தைப் பேச வைத்தேன். பிரமாதமாக ஆரம்பித்தார். பெரியவர் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். முதல் வரிசையில் இருந்த கோமளா மாமி பதிலுக்குக் கைகூப்பினார். காண்டாமிருகத்தின் வடசென்னைப் பேச்சை மேடம் சொன்னபோது மாமிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சம்பத் மாமாவின் மீசையில்லா உதட்டிலும் ஏதோ அசைந்தது. காரியம் பழம் என்று நினைத்தேன்.

அப்போது மாமா நியாயமாகத்தான் ஒரு கேள்வி கேட்டார். "இந்த கார்ட்டூன், பொம்மலாட்டம் எல்லாம் கொழந்தேள் சமாச்சாரம்தானே? பெரியவாளுக்கு இதுல என்ன இருக்கு?"

மேடம் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி ஓரடி முன்னால் வந்தார். முன்னால் வருவதற்கு முன் விதிப்படி கொஞ்சம் பின்னால் போனார்.

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! உலகத்திலேயே பெரிய பொம்மலாட்டம் உங்க ஊர்லதானே நடக்குது! உங்க பெருமாள் புறப்பாடு!"

மாமிகளின் முந்தானைகள் வாயிலிருந்து இறங்கின.

"அதைப் பார்த்தப்புறம் மத்த பொம்மையெல்லாம்..." என்று மேடம் தொடர்ந்தார். நான் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை.

சம்பத் மாமா எழுந்தார். "அபசாரம்! பெருமாளைப் பொம்மைங்கறேளா? என் வீட்டு வாசல்ல வந்து நின்னுண்டு சொல்றேளா? சனிக்கிழமை யாரும் எந்த சினிமாவுக்கும் போகலை. கூட்டம் முடிஞ்சுது!"

கோமளா மாமி கூப்பிய கையை அவசரமாகப் பிரித்துக்கொண்டார். மேடம், "நான் பெருமையாத்தாங்க சொன்னேன்" என்று காலி நாற்காலிகளிடம் சொன்னார். அன்று இரவு என் மனைவி மாலதி பரிமாறும்போது சாம்பாரை விட வேகமாக வசவு விழுந்தது. "அவங்களைச் சொல்லி என்ன? அழைச்சுட்டு வந்த உங்களைச் சொல்லணும்."

திங்கட்கிழமை ஆபீஸ் துக்க வீடு மாதிரி இருந்தது. மேடம் யாருடைய நடையையும் பார்க்கவில்லை. நான் வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தேன்; ஒரு வார்த்தை வரவில்லை. முருகேசன் உள்ளே போய், ஏற்கெனவே கல்யாணமாகிக் குழந்தையும் பெற்றுவிட்ட தங்கைக்கு நிச்சயதார்த்தம் என்று லீவு கேட்டார். மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். முருகேசன் வெலவெலத்துப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

"சார், மேடத்துக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒரு கேள்வி கேட்கலைங்க. எனக்கு லீவே வேணாம் சார்!"

அந்த வாரத்திலேயே ஒரு திருநாள் வந்தது. சாயங்காலம் பெருமாள் புறப்பாடு. சித்திரை வீதி முனையில் ஜனங்களோடு நானும் நின்றேன். எனக்கு இரண்டு ஆள் தள்ளிச் சம்பத் மாமா, செல்போனை உயரத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கத் தயாராக நின்றார். அவருக்குப் பின்னால், மூடியிருந்த ஒரு கடையின் படியில், ஏறி நின்றுகொண்டிருந்தது யார் என்று பார்த்தால் கார்ட்டூன் மேடம்! கே.கே. நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அப்புறம் கேட்டபோது, வருஷங்களாக இப்படி வருவதுண்டு என்று சாதாரணமாகச் சொன்னார். மாமா திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று பெருமாளையே வேண்டிக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு நடையழகு என்பது ஊரறிந்த விஷயம். பல்லக்கைத் தோளில் சுமந்து வருகிறவர்கள் சிங்கம் மாதிரி ஒரு நடை நடப்பார்கள்; பாம்பு மாதிரி நெளிந்து ஒரு நடை நடப்பார்கள். பார்க்கிறவர்களுக்குப் பெருமாளே நடந்து வருகிற மாதிரி இருக்கும். அன்றைக்கும் வந்தார். தீவட்டி வெளிச்சம், நாகஸ்வரம், சந்தன வாசனை. முனையில் ஒரு கணம் நின்று, மெல்லப் பின்வாங்கி, திரும்ப ஆரம்பித்தார்.

மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. "பின்னாடி போறார்... போறார்... இப்ப வருவார் பாருங்க... வலது தோள்... அதோ! மூச்சு விட்டார்! அப்பா, மூச்சு விட்டுட்டார்!"

மாமா திரும்பிப் பார்த்தார். மேடத்துக்கு அவர் இருப்பதே தெரியவில்லை. தோள்கள் பல்லக்கோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் தாரைதாரையாக வழிந்துகொண்டிருந்தது. பல்லக்கு அவர் எதிரே வந்தபோது கைகூப்பி, "பார்த்துட்டார்" என்றார், வீட்டுக்கு வந்த உறவுக்காரரைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

புறப்பாடு தாண்டிப் போன பிறகும் மாமா அசையவில்லை. செல்போனைப் பார்த்தார். முன்னால் நின்ற ஆசாமியின் வழுக்கைத் தலை முழுநீளமாகப் பதிவாகியிருந்தது.

"ஏம்மா, அன்னிக்குப் பொம்மைன்னேள். இன்னிக்கு மூச்சு விட்டார்ங்கறேள்?" குரலில் சண்டை இல்லை, குழப்பம்தான் இருந்தது.

மேடம் திடுக்கிட்டுப் படியிலிருந்து இறங்கினார். "ரெண்டும் ஒண்ணுதாங்க எனக்கு. தூக்கறவங்க தோள் தெரியுது, வேர்வை தெரியுது, பல்லக்குக் கம்பு தெரியுது. எல்லாம் தெரிஞ்சும் நடக்கறது அவர்தானே? அதைச் சொல்ல எனக்குத் தெரிஞ்ச பெரிய வார்த்தை அதுதாங்க. தப்புன்னா மன்னிச்சிருங்க."

மாமா செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டார். "அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்" என்றார்.

"வேற என்ன வார்த்தை சொல்லட்டும்?"

யோசித்தார். வடமொழியில் தேடினார், தமிழில் தேடினார், வாய்க்குள்ளேயே இரண்டு மூன்றைச் சொல்லிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. என் பக்கம் திரும்பி, "ஏண்டா பாலு, அந்த யானைப் படம் சனிக்கிழமை எத்தனை மணிக்குன்னே?" என்றார்.

சனிக்கிழமை தியேட்டர் வாசல் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. மாமிகள் தயிர்சாதத்தோடு வந்திருந்தார்கள். வெளிச் சாப்பாடு கூடாது என்று தடுத்த வாசல்காரரிடம் கோமளா மாமி ஒரு கரண்டி எடுத்து நீட்டியதும் தடை விலகியது. லோடுமேன்கள் இஸ்திரி போட்ட சட்டையில், சேலத்துக்குப் போக வேண்டிய டிரைவர்கள் சேலத்துக்குப் போகாமல். முருகேசன் தங்கையைக் கைக்குழந்தையோடு கூட்டி வந்திருந்தார், நிச்சயதார்த்தத்தை மறந்து. "வாழ்த்துகள்மா" என்றார் மேடம் அந்தப் பெண்ணிடம். அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

விளக்கு அணைந்தது. கிழட்டு யானை திரையில் மெதுவாக நடந்து வந்தது. ஹால் நிசப்தம். மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் கையால் வரைந்த நடை.

"பின்னங்கால் தப்பு" என்றது ஒரு குரல். கோமளா மாமி.

"ஆமாம், ஆமாம்" என்று நாலைந்து குரல்கள். ஸ்ரீரங்கத்துக்காரர்களிடம் போய் யானை நடையைக் காட்டினால் இதுதான் கதி. தினமும் கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த ஜனங்கள்! "பின்னங்கால் முன்னங்கால் தடத்துலேயே விழணுமோல்லியோ? இது தள்ளி வைக்கிறதே!" என்றார் சம்பத் மாமா.

"அதுக்கு வயசாயிருச்சுங்க ஐயா, கால் வலிக்கும்ல" என்று பின்வரிசையிலிருந்து முருகேசன் யானைக்கு வக்காலத்து வாங்கினார். "மூட்டை சுமந்த கால் அப்படித்தாங்க விழும்." ஹால் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மேடம் கோபப்படுவார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பி, வாய்கொள்ளாத சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். அவரோடு நடையைப் பற்றிச் சண்டை போட இத்தனை பேர் இதுவரை வந்ததில்லை.

அப்புறம் நாரை வந்து யானையின் தலையில் உட்கார்ந்தது. தன் தலையில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க யானை அண்ணாந்தது. நாரை பின்னால் நகர்ந்தது. யானை சுற்றிப் பார்த்தது. நாரையும் சுற்றியது. ஹால் அதிர்ந்தது. சம்பத் மாமா சிரித்த சிரிப்பில் பல்செட்டைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்னொரு கையால் பக்கத்து நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி ஓங்கித் தட்டினார். அந்தப் பக்கத்து நாற்காலி மேடத்துடையது. மேடமும் தட்டினார்.

கடைசியில் ஆற்று மணலில் யானை படுத்துவிட்டது. நாரை பக்கத்தில் நின்றது. திரை அசையவேயில்லை. "பாவம், கண்ணை மூடிண்டுடுத்து" என்று மாமா தழுதழுத்தார். மாமிகள் மூக்கைச் சிந்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது.

"மூடல மாமா" என்று மேடம் மெல்லச் சொன்னார். "அது சிமிட்டுது. கொஞ்சம் மெதுவாச் சிமிட்டுது. பாருங்க."

நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இமை லேசாக நடுங்கி, மேலே ஏறியது. கண் திறந்தது. முருகேசன் விசிலடித்தார். தியேட்டரே எழுந்து நின்று கை தட்டியது.

மாதக் கடைசி நாள் மாலையில் மேடத்தின் மேஜையைக் காலி செய்தோம். ஒரு எவர்சில்வர் டம்ளர், நாற்காலியில் விரிக்கிற துண்டு, பெரியவர். அவ்வளவையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, வாசலில் நின்ற ஆட்டோவுக்கு நான் தூக்கிக்கொண்டு போனேன். மேடம் வழக்கம்போல என் முகத்தைப் பார்க்காமல் கால்களையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"பாலு" என்றார், ஆட்டோவில் ஏறப்போகும்போது. "இன்னிக்குத்தாங்க உங்க கால்ல வெயிட் வந்திருக்கு. ஒவ்வொரு அடியும் தரையில விழுது."

"பெட்டி கனமா இருக்கு மேடம்" என்றேன். மூச்சை உள்ளே இழுக்க மறந்துவிட்டேன், கண்ணையும் சிமிட்டவில்லை. மேடம் சிரித்துக்கொண்டார்.

பெட்டி என்னவோ லேசாகத்தான் இருந்தது.